எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள்

போன மாதம் ஒரு காலையில் எங்கள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனை வண்டியில் மாட்டிக்கொண்டே ஒரு அண்ணன் கேட்டார், "ஏனுங்க, நம்ம புளிய மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுட்டாங்களே, பாத்தீங்களா?" நான் பார்த்திருக்கவில்லை. கணக்கை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், கிழக்கே கருப்பராயன் கோவில் வளைவில் ஆரம்பித்து மேற்கே ஓடைப் பள்ளம் வரைக்கும், சாலையோரத்து மரம் ஒவ்வொன்றிலும் பட்டையைச் சீவி வெள்ளைப் பெயிண்ட்டில் எண் எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு சிவப்பு அம்புக்குறி. யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஆனால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

எனக்கு இந்தச் சாலை அகலமாக வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாலையைப் பற்றி வாயைத் திறந்தாலே வளர்ச்சிக்கு எதிரி என்று ஒரு பட்டம் கட்டிவிடுகிறார்கள். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை இந்தக் குழிகளில் தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டியில் நானும் இருந்திருக்கிறேன். நல்ல சாலை என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் பேச்சு வேறு. கோடு போடுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இப்போதும் காலம் போய்விடவில்லை.

எங்கள் ஊர் தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிற வறண்ட பூமி. பால் சொசைட்டி சாலையை ஒட்டியே இருக்கிறது. பதினேழு வருஷமாக அங்கே கணக்கு எழுதுகிறேன், காலை ஐந்தரைக்கு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அதனால் இந்தச் சாலையில் யார் எந்த நேரத்துக்குப் போகிறார், யார் எங்கே கடக்கிறார், எந்த லாரிக்காரர் ஊருக்குள் வேகத்தைக் குறைக்காமல் போவார் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். இருட்டு பிரியாத நேரத்தில் கையில் தூக்குவாளியோடு தெற்குப் பக்கத்திலிருந்து வடக்குப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதே நேரத்தில்தான் பனியன் கம்பெனி வேன்கள் திருப்பூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பறக்கும். கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குப் போகிற டெம்போக்கள் ஒரு பக்கம், காற்றாலை இறக்கையை ஏற்றி வரும் ராட்சச லாரிகள் ஒரு பக்கம். அந்த இறக்கைகள் இப்போது அறுபது மீட்டரையும் தாண்டிவிட்டன. அவை வருகிற நாளில் கோவில் வளைவில் முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள் நின்று கம்பால் ஒயரைத் தூக்கிக் கொடுத்து, அரை மணி நேரம் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும்.

என் தாத்தா காலத்தில் இது சாலையே கிடையாது, இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவைச் செடி வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். அப்புறம் மண் பாதை, அப்புறம் மெட்டல், அப்புறம் தார். இப்போது தார் அகலம் ஐந்தரை மீட்டர். அதை ஏழு மீட்டராக்கி, இருபக்கமும் ஒன்றரை ஒன்றரை மீட்டர் தார் போட்ட ஓரமும் சேர்த்து மொத்தம் பத்து மீட்டர் ஆக்கி, மாநில நெடுஞ்சாலையாகத் தரம் உயர்த்துவது என்பது திட்டம். இப்படியெல்லாம் விவரமாகத் தெரிந்தது பிறகு நடந்த கூட்டத்தில்தான்.

கூட்டத்தைச் சொல்கிறேன். சமுதாயக் கூடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் ஊரில் யார் வீட்டில் இருப்பார்கள்? பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள், இளவட்டங்கள் திருப்பூரில், ஆடு மேய்க்கிறவர்கள் காட்டில். வந்திருந்தது பதினைந்து பதினாறு ஆண்கள், முக்கால்வாசிப் பேர் ரோட்டோரத்தில் நிலமோ கடையோ வைத்திருக்கிறவர்கள். சுவரில் ஒரு நீளமான வரைபடத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு கோடு, இருபக்கமும் சிவப்பில் இரண்டு கோடு, ஒவ்வொரு ஐம்பது மீட்டருக்கும் ஓர் எண். ஊர் எங்கே, கோவில் எங்கே என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது.

கேள்வி எல்லாம் ஒன்றே ஒன்றுதான். "என் வீடு போகுமா? எவ்வளவு குடுப்பீங்க?" அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. திண்ணையில் அம்புக்குறி போட்ட வீட்டுக்காரர் வேறு எதைக் கேட்பார்? ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே கூட்டம் முடிந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள். கருத்துக் கேட்பு நடந்துவிட்டதாக அந்தக் கையெழுத்துத் தாள் சொல்லும். பிள்ளைகள் எங்கே ரோட்டைக் கடக்கிறார்கள், மழைத் தண்ணீர் எந்த வழியில் வருகிறது, ஆட்டுப் பட்டிக்கு வழி எது என்று யாரும் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கூட்டம் கலையும்போது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த இளம் பெண் பொறியாளரிடம் போய், "மேடம், இந்தக் கோட்டை வெச்சுக்கிட்டு எங்களுக்கு ஒண்ணும் புரியலைங்க. ஒரு நாள் கூட நடந்து வந்தீங்கன்னா ஒவ்வொரு இடமாக் காட்டிருவோம்" என்றேன். கேட்டுவிட்டேனே தவிர, வருவார் என்று நினைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வரலாமா சார்?" என்று அவரே கேட்டார். வந்தார். ஒரு நோட்டு, ஒரு டேப், காலில் ஷூ, கூட ஓர் உதவியாளர். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுத ஆசை.

பள்ளத்திலிருந்து ஆரம்பித்தோம். அங்கே தற்போது மூன்றடிக் குழாய் இரண்டு பதித்த சின்னப் பாலம் இருக்கிறது. வரைபடத்தில் அதே இடத்தில் அதையே கொஞ்சம் நீட்டிப் போடுவதாகக் குறித்திருந்தார்கள். எங்களோடு வந்த எண்பது வயது ஆயா ஒருவர், அந்தப் பாலத்தில் நிற்கவே இல்லை. விறுவிறுவென்று மேற்கே இருநூறு அடி நடந்துபோய் நின்றுகொண்டு, "கண்ணு, இங்க வா. தண்ணி அங்க வராது, இங்கதான் வரும்" என்றார். அங்கே பார்த்தால் வெறும் மேடு. பொறியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயா கிளுவை வேலியைக் கையால் விலக்கிக் காட்டினார். வேலிக்குள், இடுப்பளவு உயரத்தில், ஒரே மட்டத்தில் காய்ந்த புல்லும் பழைய பாலிதீன் கவரும் ஒரு செருப்பும் சிக்கிக் கிடந்தன. தண்ணீர் வந்துபோன மட்டம் அது. மேலே காட்டைச் சமன்படுத்தி, குட்டைக் கரையை ஒருவர் அகற்றியதிலிருந்து ஓடை தடம் மாறிவிட்டது. பாலம் பழைய இடத்தில் இருக்கிறது, தண்ணீர் புதிய இடத்தில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெரிய மழை பெய்தால் இந்த இடத்தில் ரோட்டைத் தாண்டித்தான் போகும்.

பொறியாளர் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அந்தச் செருப்பு வரைக்கும் அளந்தார். நோட்டில் எழுதினார். படம் எடுத்தார். "கோடையில சர்வே பண்ணினாங்க, அப்ப இது தெரிஞ்சிருக்காது" என்றார். அது உண்மைதான். நில அளவைக் கருவிக்கு மேடு பள்ளம் துல்லியமாகத் தெரியும், போன மழையில் எது எங்கே முழுகியது என்பது அங்கே குடியிருக்கிற ஆளுக்குத்தான் தெரியும். ஆயாவுக்கு 77ஆம் வருஷத்து மழையிலிருந்து ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது, எந்த மழையில் எந்த வீட்டுக் கன்றுக்குட்டி அடித்துக்கொண்டு போனது என்பது உட்பட.

அங்கிருந்து ஊருக்குள் வந்ததும் என் வீட்டு வாசலைக் காட்டினேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன் மேலே இன்னொரு தார். பழைய மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு தெளிவாக உத்தரவே போட்டார். அந்த உத்தரவு எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. அகலப்படுத்தும்போது இன்னொரு ஒன்றரை அடி உயர்த்தினால் ரோட்டுத் தண்ணீர் முழுக்க எங்கள் நடுவீட்டுக்குத்தான் வரும். தண்ணீர் ஓடக் கான், அதாவது சாக்கடை, கட்டித் தருகிறோம் என்கிறார்கள். கான் எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் வரைபடத்தில் ஊர் எல்லையோடு அது நின்றுவிடுகிறது.

மட்டம் உயர்ந்ததில் இன்னொரு கேடு, தார் விளிம்பு. மண் ஓரத்துக்கும் தாருக்கும் நடுவில் ஒரு சாண் இறக்கம். எதிரில் பஸ் வந்தால் டூவீலர்காரர் ஓரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியவர் மறுபடி ஏறும்போது முன் சக்கரம் வழுக்கும். பின்னால் இருபது லிட்டர் பால் கேன் இருந்தால் கேட்கவே வேண்டாம். விழுந்து முழங்கை பிய்ந்து, பாலும் போய், சொசைட்டித் திண்ணையில் உட்கார்ந்து அழுத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தார் போட்ட ஓரம் வருகிறது என்று கேட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

சொசைட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். போக்குவரத்தை எப்படிக் கணக்கெடுத்தார்கள் என்று கேட்டேன். ஒரு வாரம், இரவும் பகலும், கேமரா வைத்து எடுத்தார்களாம். முறை அதுதான். அறுவடை, சந்தை மும்முரமாக நடக்கிற காலத்தில் ஒரு முறை, ஓய்ந்த காலத்தில் ஒரு முறை என ஏழு ஏழு நாள் எண்ண வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்கிற சாலைப் பொறியாளர்கள் அமைப்பு வகுத்த வழிமுறை. எண்ணியதை அப்படியே கூட்ட மாட்டார்கள். கார் ஒன்று என்றால் பஸ்ஸும் லாரியும் மூன்று, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரை, பெரிய மாட்டு வண்டி எட்டு, மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் அரை. எந்த வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதற்கேற்ற எடை. இந்தக் கார்க் கணக்கில் ஏழு மீட்டர்ச் சாலை ஒரு நாளைக்கு 15,000 வரை தாங்கும், ஐந்தரை மீட்டர் 6,000 வரை. இதை வைத்துத்தான் எந்தச் சாலை எவ்வளவு அகலம் என்று முடிவு செய்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது, ஒழுங்கான கணக்கு. ஆனால் அந்தப் பட்டியலில் நடந்து போகிற ஆளுக்கு எண்ணே இல்லை. தூக்குவாளியோடு கடக்கிற என் சித்திக்கு அதில் இடம் இல்லை, கை கோத்துக்கொண்டு நிற்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இல்லை. சாலையின் நீள வாக்கில் போகிறவர்களை எண்ணுகிற கணக்கு அது. எங்கள் ஊர் வாழ்வதோ குறுக்கு வாக்கில்.

2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள், 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. சாகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் யாரோ, அவர்களை மனதில் வைத்து வரைய வேண்டாமா சாலையை?

எங்கள் ஆட்கள் உடனே கேட்டது வேகத்தடை. எல்லா ஊரிலும் இதைத்தான் கேட்பார்கள், நானும் ஒரு காலத்தில் மனு எழுதியவன்தான். பொறியாளர் பொறுமையாக விளக்கினார். முறையான வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும், சும்மா தாரைக் குவித்து வைத்தால் ராத்திரியில் டூவீலர்காரரைத்தான் தூக்கிப் போடும், நெடுஞ்சாலையில் அதை வைக்க அனுமதி கிடைப்பதும் கஷ்டம் என்றார். அதற்குப் பதில் அவர் சொன்ன யோசனை எங்களுக்கு யாருக்கும் தோன்றாதது. இப்போது இரண்டு பஸ் ஸ்டாப்பும் நேருக்கு நேர் இருக்கின்றன. இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து குறுக்கே ஓடுகிறார், பஸ்ஸை முந்தி வருகிற வண்டிக்காரருக்கு அவர் தெரிவதில்லை. இரண்டையும் கடக்கும் இடத்துக்கு அப்பால் தள்ளித் தள்ளி வைத்துவிட்டால், இறங்குகிறவர் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார், இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும். நடுவில் நின்று மூச்சு விட ஒரு திட்டு, மேலே ஒரு விளக்கு. "வெளக்கு மட்டும் வந்தாப் போதுமுங்க" என்று சித்தி சொன்னார். காலை ஐந்தரை மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று பொறியாளருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர் ஆறு மணிக்கே வந்துவிட்டார், அப்போதும் முழுசாக விடிந்திருக்கவில்லை.

கிளுவை வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அது முள்செடி. வரைபடத்தில் 'புதர்' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கொரங்காடு என்பது மழையை நம்பிய மேய்ச்சல் நிலம், கொழுக்கட்டைப் புல்லும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரமும். அதைச் சுற்றிக் கிளுவை இருந்தால்தான் ஆட்டை உள்ளே விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கொம்பை நட்டு அது தழைத்து, ஆடு நுழைய முடியாத வேலியாக அடர்ந்து நிற்க வருஷக்கணக்கில் ஆகும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகிற கதையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்த நேரத்தில் ஒரு பக்க வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கி, நிலத்துக்கு மட்டும் சதுர மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? ஆடு ரோட்டுக்கு வரும், நாய் காட்டுக்குள் போகும். எங்கள் யோசனை எளிது. எந்த எல்லைக்குள் நிலம் எடுக்கப்போகிறார்களோ அந்த எல்லையை இப்போதே கல் நட்டுக் காட்டட்டும். வேலை தொடங்க எப்படியும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும், அதற்குள் உள்ளே தள்ளிப் புது வேலி நட்டுவிடுகிறோம். கொம்பு எங்களிடமே இருக்கிறது, ஒரு ரூபாய் செலவில்லை, முன்கூட்டியே சொன்னால் போதும். பொறியாளர் இதை அடிக்கோடிட்டு எழுதினார்.

மரங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லோருக்கும் தொண்டை அடைத்தது. சாலையோரம் மரம் வைத்த புண்ணியத்தில் ராணி மங்கம்மாள் பெயரை முந்நூறு வருஷம் கழித்தும் தென்னாட்டில் சொல்கிறோம். எங்கள் ஊர்ப் புளிய மரங்கள் அவ்வளவு பழையவை இல்லை, ஆனாலும் என் தாத்தா தலைமுறை தண்ணீர் ஊற்றியவை. ஒன்று வெட்டினால் பத்து வைப்போம் என்கிறார்கள். எங்கே வைப்பார்கள், யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? வடபுறம் மரம் நெருக்கமாக இருக்கிறது, தென்புறம் முக்கால் கிலோமீட்டருக்கு வெறும் புறம்போக்கு. அகலப்படுத்துவதை முழுக்கத் தென்புறமே தள்ளினால் பெரும்பாலான மரம் தப்பிக்கும். இரண்டு பக்கமும் சரிசமமாக எடுப்பதுதான் வழக்கமாம், வரைவதற்கு அது சுலபம் போலிருக்கிறது. நடந்து பார்த்ததால்தான் அந்தப் புறம்போக்கு அவர் கண்ணில் பட்டது.

கோவில் வளைவில்தான் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அதை நேராக்குவது திட்டத்தில் இருக்கிறது. இறக்கை லாரிகளுக்கு வசதி, இளவட்டங்களுக்கும் அதில் ஆசை. என் மச்சான் பையன், "மாமா, அந்த வளைவுலதான எத்தன பேரு விழுந்திருக்காங்க, நேராக்கட்டும் உடுங்க" என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் நுழைகிற ஒவ்வொரு வண்டியும் அந்த வளைவில்தான் வேகத்தைக் குறைக்கிறது. எங்களுக்கு அது கடவுள் போட்ட வேகத்தடை. நேராக்கிவிட்டால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிற்கும் வண்டி. எனக்கு வளைவு அப்படியே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. பார்வையை மறைக்கிற சீமைக் கருவேலை மட்டும் வெட்டி, வளைவின் உள்பக்கத்தை லாரி திரும்பும் அளவுக்கு அகலமாக்கி, மின்னும் பலகை வைத்தால் போதும். இதில் இன்னும் முடிவு வரவில்லை, இரண்டு தரப்பும் எழுதிக் கொடுப்பதாக இருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டதால் சுருக்கமாக எழுதுகிறேன். 2013ஆம் வருஷ நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு, மக்களிடம் விசாரணை எல்லாம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மாநிலச் சாலைகளுக்கு 2001ஆம் வருஷத்து நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ்தான் நிலம் எடுக்கிறார்கள், அதற்கு இந்த ஆய்விலிருந்து விலக்கு. அந்த விலக்கு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, அரசு அதே வருஷம் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆக, நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் வரும், ஆட்சேபணை சொல்லலாம். நிலம் இல்லாமல் அந்தச் சாலையில் நடந்து மட்டும் போகிறவரிடம் கேட்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வெளிநாட்டு வங்கிக் கடனில் போடுகிற சாலைகளில் இது பரவாயில்லை. ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 484 மில்லியன் டாலர் கொடுத்த சென்னை – கன்னியாகுமரி தொழில்வழித் தடச் சாலைகளிலும், உலக வங்கி உதவிய சாலைகளிலும், ஊர் ஊராகக் கலந்துபேச வேண்டும், குறை கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது கடன் நிபந்தனையிலேயே உண்டு. கடன் கொடுக்கிறவர் கேட்டால் நடக்கிற கூட்டம், வரி கொடுக்கிறவர் கேட்டாலும் நடக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கேட்காமல் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018இல் வந்த சென்னை – சேலம் எட்டுவழிச் சாலையைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 277 கிலோமீட்டர். கிணற்று மேட்டில் கல் நட வந்தபோதுதான் பலருக்குத் திட்டமே தெரியும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. இத்தனைக்குப் பிறகும் சாலை வரவில்லை, அந்த விவசாயிகளின் பயமும் போகவில்லை. நம்பிக்கை போன இடத்தில் நல்ல திட்டம் வந்தாலும் கல்லைப் பிடுங்கித்தான் எறிவார்கள்.

உங்கள் ஊரிலும் மரத்துக்கு நம்பர் போட்டிருந்தால், வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை நடந்துவிடுங்கள். தண்ணீர் எங்கே கடக்கிறது, பிள்ளைகள் எங்கே கடக்கிறார்கள், ஆடு மாடு எங்கே கடக்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். வரைபடத்தில் இருக்கிற எண்ணைப் படத்தின் அடியில் எழுதுங்கள், அவர்களுக்கு அந்த எண் தெரிந்தால்தான் இடம் பிடிபடும். ரோட்டில் தானியம் காயப்போடுகிற ஊராக இருந்தால் களம் ஒன்று கேளுங்கள், பத்து மீட்டர் ரோடு வந்தபின் அங்கே உளுந்து காயப்போட முடியாது. கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள், வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. பெண்கள் வருகிற நேரத்தில் கூட்டத்தை வையுங்கள், எங்கள் ஊரில் அது சாயங்காலப் பால் ஊற்றி முடிந்த பிறகு ஏழு மணி. போன வாரம் அந்த நேரத்தில் சொசைட்டித் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வந்தது போல இரண்டு பங்குக்கு மேல் ஆள் வந்தது.

இப்போது நிலவரம் என்னவென்றால், பாலத்தை மேற்கே தள்ளி அகலமான பெட்டிப் பாலமாகப் போடுவது பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகப் பொறியாளர் போனில் சொன்னார். பஸ் ஸ்டாப் மாற்றம் சிக்கல் இல்லையாம். மரம், வளைவு இரண்டும் இன்னும் பேச்சில்தான் இருக்கின்றன. பள்ளத்துத் தண்ணீர் எவ்வளவு உயரம் வருகிறது என்பதற்கு ஒரு மழைக்காலத்து ஆதாரம் இருந்தால் நல்லது என்றார். வேலியோரத்து மின்கம்பத்தில் ஆயா கை வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். புரட்டாசி பிறந்துவிட்டது. தண்ணீர் வருகிற அன்றைக்கு, எந்த நேரமானாலும், அந்த மட்டத்தில் தேதியோடு இன்னொரு கோடு போட வேண்டும் என்று மஞ்சள் பெயிண்ட் டப்பா ஒன்று வாங்கி சொசைட்டி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.